புதிய அடுப்பு வாங்கும் முன் தோசைக்கல்லை அளந்துகொள்ளுங்கள்

வீடு புதுப்பிக்கும்போதோ பழைய அடுப்பு பழுதாகும்போதோ நம்மில் பலர் நேராகக் கடைக்குப் போய், பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி அடுப்புகளின் முன் நின்று, விலைச்சீட்டையும் பர்னர்களின் எண்ணிக்கையையும் பார்த்து முடிவெடுக்கிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கினேன். மூன்று பர்னர்கள் கொண்ட அந்த அடுப்பில், ஒரு பக்கம் தோசைக்கல்லையும் மறு பக்கம் குக்கரையும் வைத்தால் நடுப் பர்னரில் தேநீர்ப் பாத்திரம்கூட நிற்க இடம் இருக்காது. மூன்று பர்னர்களுக்குக் காசு கொடுத்துவிட்டு ஏழு ஆண்டுகள் இரண்டை மட்டும் பயன்படுத்தினேன். குறை அடுப்பின் தரத்தில் இல்லை. என் வீட்டுப் பாத்திரங்களைக் கணக்கில் எடுக்காமல் நான் வாங்கியதில்தான் இருந்தது. எனவே இந்த வழிகாட்டி கடையிலிருந்து தொடங்காமல், உங்கள் சமையலறை அலமாரியிலிருந்து தொடங்குகிறது.

முதலில் பாத்திரங்கள்

வாரந்தோறும் அடுப்பில் ஏறும் பாத்திரங்களை எல்லாம் மேசைமீது எடுத்து வையுங்கள். தோசைக்கல், இட்லிப் பானை, குக்கர், குழம்புச் சட்டி, பால் காய்ச்சும் பாத்திரம், தாளிப்புக் கரண்டி ஆகியவற்றோடு, தீபாவளிக்கு முறுக்குச் சுடும் இரும்புச் சட்டியையும், உறவினர் கூடும் நாளில் மட்டும் வெளியே வரும் பிரியாணிச் சட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் அடிவட்டத்தையும், விளிம்போடு விளிம்பாக முழு அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து ஒரு தாளில் குறியுங்கள். பிறகு, ஒரே நேரத்தில் அடுப்பில் இருக்க வேண்டியவை எவை என்று யோசியுங்கள். காலை வேளையில் தோசைக்கல்லும் சாம்பாரும் தேநீரும் ஒன்றாக ஏறும் வீடு வேறு. வார இறுதியில் மட்டும் மொத்தமாகச் சமைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் வீடு வேறு.

30 சென்டிமீட்டர் தோசைக்கல்லும் 24 சென்டிமீட்டர் குக்கரும் இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, இரண்டு பர்னர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே குறைந்தது 27 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். குக்கரின் கைப்பிடிக்கும் கை நுழையும் இடத்துக்கும் இன்னும் சில சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். இந்த அளவை விற்பனையாளர் சொல்லமாட்டார், விளம்பரத் தாளிலும் இருக்காது. அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோய் நீங்களே அளந்து பாருங்கள். மூன்று பர்னர்களை நெருக்கி வைத்திருக்கும் 70 சென்டிமீட்டர் அடுப்பைவிட, இரண்டு பர்னர்களை விலக்கி வைத்திருக்கும் அதே அகல அடுப்பு பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தாளிப்புக் கரண்டியையும் மறந்துவிடாதீர்கள். பாத்திரத் தாங்கியின் கம்பிகள் அகலமாக விலகியிருந்தால் சிறிய கரண்டி சரிந்து, சுட்ட எண்ணெய் கையில் கொட்டும். சிறு பாத்திரங்களுக்கென்று தாங்கியின்மேல் வைக்கும் வளையம் அடுப்போடு வருகிறதா என்று கேளுங்கள்.

குழாய்வழி எரிவாயு, சிலிண்டர், மின்சாரம்

சிங்கப்பூரில் இந்தத் தேர்வைப் பெரும்பாலும் வீடே செய்துவிடுகிறது. பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குழாய்வழி எரிவாயு வருகிறது. இது இந்தியாவில் சில நகரங்களில் குழாயில் வரும் இயற்கை எரிவாயு அன்று. இயற்கை எரிவாயுவிலிருந்து உருவாக்கப்படும் இந்த நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் பெரும் பங்கு வகிக்கிறது. ஒரு கன மீட்டர் நகர எரிவாயு தரும் வெப்பம், அதே அளவு சிலிண்டர் வாயு தரும் வெப்பத்தைவிட மிகக் குறைவு. எனவே அதற்குரிய அடுப்பில் வாயு வெளிவரும் முனையின் துளை பெரிதாக இருக்கும். சிலிண்டர் வாயுவுக்கான முனையின் துளை சிறியது. ஒன்றுக்கு உரிய அடுப்பை மற்றொன்றில் இணைத்தால் சுடர் தளர்ந்து எரியாமல் போகும், அல்லது கட்டுக்கடங்காமல் உயரும். ஹைட்ரஜனின் சுடர் வேகமாகப் பரவும் என்பதால், பொருந்தாத பர்னரில் சுடர் உள்நோக்கித் திரும்பும் ஆபத்தும் உண்டு. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த அடுப்பு எந்த வாயுவுக்கு உரியது என்பதுதான். ஒரே மாதிரி இரண்டு வகையிலும் விற்கப்படுவதால், கொள்முதல் ரசீதில் வாயுவின் வகையை எழுதி வாங்குங்கள்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ அடுப்பைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தப் பித்தளைப் பர்னர்களின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் அவை சிலிண்டர் வாயுவுக்கெனச் செய்யப்பட்டவை. இங்குள்ள குழாய்வழி எரிவாயுவில் அவற்றை இணைக்கவே கூடாது.

சிலிண்டர் பயன்படுத்தும் வீடுகளில் வேறு கவனங்கள் தேவை. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி, ஒரு சுவிட்சின் பொறிக்குக்கூடத் தீப்பிடிக்கும். நகர எரிவாயு காற்றைவிட இலேசானதால் மேலெழும். எந்த வாயுவானாலும், நாற்றம் தெரிந்தால் விளக்கையோ மின்விசிறியையோ தொடாமல், வால்வை மூடி, சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுவதே முறை. புதிய அடுப்பு வாங்கும்போது சிலிண்டரின் ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பாருங்கள். குழாயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றுவது நல்லது. புதிய அடுப்பைப் பழைய வெடித்த குழாயில் இணைப்பது, புதுச் சேலைக்குக் கிழிந்த முந்தானை தைப்பது போன்றது.

மின்சாரம் என்றால் இன்று பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான். அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

இண்டக்‌ஷன் யாருக்குப் பொருந்தும்

இண்டக்‌ஷன் அடுப்பில் கண்ணாடிக்கு அடியிலுள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. அதனால்தான் செலவாகும் ஆற்றலில் சுமார் 85 விழுக்காடு உணவைச் சென்றடைகிறது. எரிவாயு அடுப்பிலோ அது 40 விழுக்காட்டுக்கு மேல் போவது அரிது. மீதி வெப்பம் சுவரையும் நம்மையும் சூடாக்குகிறது என்பதை, இங்குள்ள வெக்கையில் சமைப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

இதனால் பணம் மிச்சமாகுமா என்பதை நீங்களே கணக்கிடலாம். இங்கு எரிவாயுவும் மின்சாரமும் கிலோவாட்-மணிக் கணக்கில் கட்டணம் விதிக்கப்படுவதால், ரசீதைப் பார்த்து ஒப்பிடுவது எளிது. கட்டணங்கள் காலாண்டுக்கு ஒருமுறை மாறும். எடுத்துக்காட்டுக்கு மின்சாரம் 30 காசு, எரிவாயு 23 காசு என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 கிலோவாட்-மணி எரிவாயு எரிக்கும் வீட்டுக்குச் செலவு 13 வெள்ளி 80 காசு. அதில் பாத்திரத்தைச் சேர்வது 24 கிலோவாட்-மணி. அதே வெப்பத்தை இண்டக்‌ஷனில் பெற ஏறத்தாழ 28 கிலோவாட்-மணி மின்சாரமும் எட்டரை வெள்ளியும் போதும். மாதம் ஐந்து வெள்ளி மிச்சம். நல்லதுதான், ஆனால் அதற்காக மட்டும் வீட்டிலுள்ள அத்தனை பாத்திரங்களையும் மாற்றுவது சரியான கணக்காகாது.

பாத்திரங்களை மாற்ற வேண்டியிருக்குமா என்று அறிய, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் ஒரு காந்தம் போதும். அது அழுத்தமாக ஒட்டும் அடி கொண்ட பாத்திரம் மட்டுமே இண்டக்‌ஷனில் சூடாகும். அலுமினிய இட்லிப் பானை, இண்டாலியச் சட்டி, செம்பு, பித்தளை, ஈயச் சொம்பு, மண்சட்டி ஆகியவை சூடாகா. மீன்குழம்பை மண்சட்டியில்தான் வைப்பேன் என்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும். இரும்புத் தோசைக்கல்லில் காந்தம் ஒட்டும், அடுப்பும் ஏற்றுக்கொள்ளும்; ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல அடுப்புகளில் கம்பிச்சுருளின் குறுக்களவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். 30 சென்டிமீட்டர் கல்லின் நடுப்பகுதி கருகும் அளவுக்குச் சூடாகும்போது, ஓரம் மாவை ஒட்டிக்கொண்டு வெளுத்தே இருக்கும். இரும்பில் வெப்பம் மெதுவாகவே பரவுவதால், குறைந்த அளவில் பத்து நிமிடம் பொறுமையாகச் சூடேற்றினால் ஓரளவு சமாளிக்கலாம். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் வீட்டில் அந்தப் பத்து நிமிடம் கிடைப்பது கடினம். எடுத்த எடுப்பில் முழுவீச்சில் வைத்தால் கல் வளையும், சில வேளை விரிசலும் விடும். தோசை அடிக்கடி வார்க்கும் வீட்டார், 28 சென்டிமீட்டர் அளவிலான பெரிய வட்டம் உள்ள இண்டக்‌ஷன் அடுப்பைத் தேட வேண்டும். இல்லையேல், ஒரு பக்கம் எரிவாயுவும் மறு பக்கம் இண்டக்‌ஷனும் கொண்ட கலப்பு அடுப்பைப் பார்க்கலாம்.

அடுத்தது மின்சுமை. கடையில் பெரும்பாலும் பேசப்படாத விஷயம் இதுதான். நம் வீட்டு மூன்றுமுனைப் பிளக்கின் உச்ச அளவு 13 ஆம்பியர்; 230 வோல்ட்டில் அது 3,000 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. பிளக்கில் செருகினால் போதும் என்று விற்கப்படும் இரட்டை வட்ட அடுப்புகள், இரண்டு வட்டங்களுக்கும் சேர்த்தே அந்த வரம்புக்குள் இயங்குகின்றன. ஒன்றை 2,000 வாட்டில் வைத்தால் மற்றொன்றுக்கு 1,000 வாட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும். ஒரு பக்கம் சோறு கொதிக்கும்போது மறு பக்கம் எண்ணெய் காயவில்லையே என்று பலர் குழம்புவது இதனால்தான். இரண்டு வட்டங்களும் முழுவீச்சில் இயங்கக்கூடிய 7,000 வாட் அடுப்பு வேண்டுமென்றால், அது மட்டுமே 30 ஆம்பியர் இழுக்கும்; அதற்குத் தனி மின்சுற்று வேண்டும். சில பழைய வீவக வீடுகளின் முதன்மை சுவிட்ச் 30 ஆம்பியர் கொண்டது. 40 ஆம்பியருக்கு மாற்றினாலும், குளிரூட்டியும் தண்ணீர்ச் சூடேற்றியும் அதே இணைப்பில்தான் இயங்க வேண்டும். ஆகவே அடுப்புக்கு முன்பணம் கட்டும் முன்பே, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்து மின்பெட்டியைக் காட்டுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், இண்டக்‌ஷனையே வாங்குங்கள் என்று நான் தயங்காமல் சொல்லும் வீடுகள் இரண்டு உண்டு. வாடகை அறையில் தங்கி ஒருவருக்கு மட்டும் சமைத்துக்கொள்பவருக்கு, வீட்டு உரிமையாளர் அனுமதித்தால், 2,000 வாட் ஒற்றை அடுப்பும் காந்தம் ஒட்டும் இரண்டு பாத்திரங்களும் போதும். மற்றது, மறதி தொடங்கிவிட்ட பெரியவர் பகலில் தனியாக இருக்கும் வீடு. பாத்திரத்தை எடுத்தவுடன் நின்றுவிடுவதும், நேரம் குறித்தால் தானே அணைவதும் அந்த வீட்டுக்குப் பெரும் நிம்மதி. என் அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து மறந்த நாளுக்குப் பிறகு, அந்த நிம்மதிக்காக நான் வேறு எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் வீட்டில் இருந்தால், மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்; இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து அவர் 60 சென்டிமீட்டர் விலகி நிற்பது நல்லது என்ற அறிவுரை பரவலாக வழங்கப்படுகிறது.

எரிவாயு அடுப்பில் பார்க்க வேண்டியவை

முதன்மையானது, சுடர் அணைந்தால் வாயுவை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு. பர்னரின் ஓரத்தில் சிறு விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனை சுடரில் சூடாகி, மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. அந்த மின்விசைதான் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. பால் பொங்கி வழிந்தோ, துணி காயவைக்கும் பகுதியிலிருந்து வீசும் காற்றிலோ சுடர் அணைந்தால், முனை குளிர்ந்து வால்வு தானே மூடிக்கொள்ளும். பால் பொங்குவது நம் வீடுகளில் சகுனம். புதுமனை புகும் நாளில் வேண்டுமென்றே பொங்கவிடுகிறோம். ஆகவே இந்த அமைப்பு இல்லாத அடுப்பை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்லாப் பர்னர்களிலும் அந்த முனை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: இது அணைந்த சுடரைத்தான் கவனிக்கும். எரிந்துகொண்டே இருக்கும் சுடரில் குழம்பு தீய்ந்து சட்டி கருகினால் அதற்குத் தெரியாது.

பர்னரின் ஆற்றல் கிலோவாட்டில் குறிக்கப்பட்டிருக்கும். விற்பனையாளர்கள் 5 கிலோவாட் என்று உச்ச எண்ணைப் பெருமையோடு சொல்வார்கள். சீன முறையில் அதிதீயில் வதக்குவோருக்கு அது பயன்படும். நமக்குச் சரிபாதி நேரம் தேவைப்படுவது எதிர்முனை. சாம்பார் கொதி அடங்கி நிற்கவும், பாயசம் அடிபிடிக்காமல் சுண்டவும், பிரியாணி தம்மில் இருக்கவும், சுடர் எவ்வளவு தாழ்ந்தும் அணையாமல் எரிகிறது என்பதே முக்கியம். கடையில் வாயு இணைத்துக் காட்டும் மாதிரி இருந்தால், குமிழை மிகக் குறைவில் வைத்துச் சுடரைப் பாருங்கள். உள் வளையமும் வெளி வளையமும் தனித்தனியே எரியும் பர்னர் தோசைக்கல்லுக்கும் உகந்தது. சுடர் அகலமாகப் பரவுவதால் கல்லின் ஓரமும் சூடாகும்.

மேற்பரப்பு கண்ணாடியா எவர்சில்வரா என்பதில் என் சாய்வு எவர்சில்வருக்குத்தான். உறுதியாக்கப்பட்ட கண்ணாடி துடைப்பதற்கு எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் இரும்புக் கல்லைத் தவறவிட்டால் நொறுங்கும். மிகப் பெரிய சட்டி பர்னரைத் தாண்டி விரிந்து நின்றால், வெப்பம் கீழ்நோக்கித் திரும்பி அதே ஆபத்தை உண்டாக்கும். கண்ணாடிதான் வேண்டுமென்றால், பாத்திரத் தாங்கி உயரமாகவும் கனத்த வார்ப்பிரும்பாகவும் இருக்கட்டும். எவர்சில்வரில் கீறல் விழும், மஞ்சள் கறை தங்கும், ஆனால் உடையாது.

அடுப்போடு ஓவன் சேர்ந்த பெரிய ரேஞ்சு வகையைப் பற்றி ஒரு சொல். அது தரையில் நிற்கும் பொருள். வீவக சமையலறையில் அதற்காக மேடையை வெட்டி இடம் விட வேண்டும். தீபாவளிக்கு அன்னாசிப் பழப் பணியாரமும் பிஸ்கட்டும் சுடுவதற்கு மட்டுமே ஓவன் வேண்டும் என்றால், மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவனே போதும்.

புகைபோக்கியை அடுப்போடு சேர்த்தே தேர்ந்தெடுங்கள். காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடியில் பக்கத்து வீட்டாரும் தும்முவார்கள் என்பது அடுக்குமாடியில் வாழும் எல்லாருக்கும் தெரியும். அடுப்பின் அகலத்துக்குக் குறையாத புகைபோக்கி வேண்டும். கரி வடிகட்டி வழியாகக் காற்றை உள்ளேயே திருப்பிவிடும் வகை நெடியைக் குறைக்குமே தவிர வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றாது. வெளியேற்றும் குழாய் அமைக்க வழி இருந்தால், வீவக விதிகளைச் சரிபார்த்து அதையே அமையுங்கள்.

அளவும் பொருத்துதலும்

மேடையில் பதிக்கும் அடுப்பை மாற்றுவோர் கண்ணாடியின் வெளியளவை அளந்துகொண்டு போகிறார்கள். தேவைப்படுவது, கல்லில் வெட்டப்பட்டிருக்கும் துளையின் அளவு. பழைய அடுப்பைத் தூக்கி, துளையின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து, மேடைக்கு அடியில் உள்ள ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. புகைபோக்கிக்கும் அடுப்புக்கும் இடையே வேண்டிய உயரம், பெரும்பாலும் 65 முதல் 75 சென்டிமீட்டர், கையேட்டில் இருக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அதன் விசிறிக்குக் காற்று வேண்டும். இழுப்பறையை அடியில் ஒட்டி அமைக்காதீர்கள்.

எரிவாயு இணைப்பை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர்தான் செய்ய வேண்டும். வீடு புதுப்பிக்கும் குத்தகையாளர் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாலும், உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். எரிவாயு மீட்டரையும் குழாயையும் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் அடைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காசு கொடுக்கும் முன்

வீட்டு எரிவாயு அடுப்புகளும் மின் அடுப்புகளும் சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். அவற்றில் 8 இலக்கப் பதிவு எண்ணுடன் கூடிய பாதுகாப்புக் குறி, அதாவது சேஃப்டி மார்க், இருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் அடுப்பில் இது இல்லாமல் போகலாம். விலை கேட்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி, வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணம், பொருத்தும் கட்டணம், பழையதை எடுத்துச்செல்லும் கட்டணம் எல்லாம் சேர்ந்த தொகையைக் கேளுங்கள். பர்னர் மூடி, குமிழ் போன்ற உதிரிப் பாகங்கள் தனியே கிடைக்குமா என்றும் கேளுங்கள். பேச்சுவழக்கில் லெமன் சட்டம் எனப்படும், 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, மாறாக நிரூபிக்கப்படாவிட்டால், பொருள் கைக்கு வந்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். எனவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பொருத்த வந்தவர் கிளம்பும் முன், ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பர்னரையும் பற்றவைத்து, சுடர் சுற்றிலும் சீராக எரிகிறதா என்று பாருங்கள்; சுடர் அணைந்தால் வாயு நிற்பதையும் அவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, அளந்து வைத்த தோசைக்கல்லை ஏற்றி, மிதமான தீயில் சூடாக்கி, நடுவிலும் நான்கு ஓரங்களிலும் சில துளி நீர் தெளியுங்கள். எல்லா இடத்திலும் துளிகள் ஒன்றுபோல ஓடி மறைந்தால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பலாம். நடுவில் மட்டும் சீறி ஓரத்தில் தேங்கி நின்றால், பர்னர் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அவர் இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள்.